புது யுனிவர்சல் ரிமோட் பாதிதான் வேலை செய்கிறது, திருப்பிக் கொடுத்துவிடலாமா?

உங்கள் கேள்வியை ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். டிவி, செட்டாப் பாக்ஸ், சவுண்ட்பார், ஸ்ட்ரீமிங் ஸ்டிக் என்று நான்கு ரிமோட்டோடு மல்லாடி அலுத்துப்போய், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு யுனிவர்சல் ரிமோட் வாங்கியிருக்கிறீர்கள். டிவி ஆன் ஆகிறது, சத்தம் கூடிக் குறைகிறது, ஆனால் மெனுவும் பேக் பட்டனும் செத்துக் கிடக்கின்றன. செட்டாப் பாக்ஸின் பெயர் அந்த ரிமோட்டின் பட்டியலிலேயே இல்லாததால் பழைய ரிமோட்டிலிருந்து ஒவ்வொரு பட்டனாகக் கற்றுக்கொடுத்தீர்கள். எல்லாம் சரி, 11-ஆம் சேனலுக்கு மட்டும் போக முடியவில்லை. ஸ்டிக் எதற்கும் அசையவில்லை. ஒரே பட்டனில் டிவியும் சவுண்ட்பாரும் ஆன் ஆகும்படி மேக்ரோ வைத்தீர்கள். சில நாள் சரியாக வருகிறது, சில நாள் சவுண்ட்பார் ஆன் ஆகி உடனே அணைந்துவிடுகிறது. ரிமோட் பழுதா, விலை கூடியதை வாங்கினால் தீருமா என்று எழுதியிருக்கிறீர்கள். பழுதான பொருளா, அல்லது இந்த வகை ரிமோட்டால் முடியாத வேலையை அதனிடம் கேட்கிறோமா என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது என்று எடுத்துக்கொள்கிறேன்.

வீடுகளில் ஹோம் தியேட்டர் பொருத்திக் கொடுப்பது பல வருடமாக என் தொழில். நீங்கள் சொன்ன நான்கு தொல்லையும் எனக்குப் பழக்கமானவை. நான்குக்கும் நான்கு தனித்தனிக் காரணம் இருப்பதால்தான் மொத்தமாகப் பார்க்கும்போது ரிமோட்டே சரியில்லை என்று தோன்றுகிறது. மூன்றை இதே ரிமோட்டில் சரிசெய்யவோ சமாளிக்கவோ வாய்ப்பு இருக்கிறது. ஸ்டிக் விஷயம் மட்டும் வேறு கதை.

முதலில் ரிமோட் என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும். அதன் நுனியில் இருக்கும் எல்இடி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளத்தில், விட்டு விட்டு அனுப்புகிறது. வெயிலிலும் சில விளக்குகளிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு. அந்த இரைச்சலிலிருந்து பிரித்துக் காட்டத்தான் ரிமோட் தன் ஒளியை விநாடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்க வைக்கிறது. டிவியில் இருக்கும் சென்சார் அந்தத் துடிப்பை மட்டும் பொறுக்கி எடுக்கும். இது வரை எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே வழிதான். அதற்கு மேல் ஆளுக்கொரு பாஷை. என்இசி என்ற கம்பெனி வகுத்த முறையில் ஒரு கட்டளைக்கு 32 பிட், அதாவது 0 அல்லது 1 என்ற குறிகள் 32. எந்தக் கருவிக்கு, என்ன வேலை என்பதை ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகவும் சொல்லும், சரிபார்த்துக்கொள்வதற்காக. பிலிப்ஸின் ஆர்சி-5 முறையில் 36 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 36,000 துடிப்பு), 14 பிட். சோனி 40 கிலோஹெர்ட்ஸில் 12, 15 அல்லது 20 பிட் அனுப்பும். ஆனால் எந்தப் பாஷையானாலும் ஒன்று பொது: ரிமோட் பேசும், கேட்காது. தெருவில் நின்று மாடியைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டு, பதில் வந்ததா என்று பார்க்காமல் நடையைக் கட்டுகிற ஆள் மாதிரி. டிவி ஆன் ஆனதா, ஏற்கெனவே ஆனில் இருந்ததா, அதற்குத் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மேக்ரோவுக்கு வரும்போது வேண்டும்.

டிவியின் மெனு பட்டன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: எந்த டிவியின் கட்டளைகளை அனுப்ப வேண்டும் என்று ரிமோட்டுக்குச் சொல்ல நீங்கள் போட்டிருக்கும் கோட் எண் உங்கள் டிவிக்குப் பாதி பொருந்துகிற எண். ஒரே கம்பெனி வெவ்வேறு வருடங்களில் வந்த டிவிகளுக்கு வெவ்வேறு கட்டளைத் தொகுப்புகளை வைத்திருக்கும். பவர், சத்தம், சேனல் போன்ற அடிப்படைக் கட்டளைகள் பல தொகுப்புகளில் ஒன்றாகவே இருக்கும். மெனு, பேக், இன்புட், ஹோம் ஆகியவைதான் மாறும். கையேட்டில் உங்கள் பிராண்டுக்கு நேரே ஏழெட்டு எண்கள் அச்சடித்திருப்பார்கள். முதல் எண்ணிலேயே டிவி அணைந்ததும் நாம் மகிழ்ந்துபோய் அங்கேயே நின்றுவிடுகிறோம். தானாகத் தேடும் வசதியும் இதே தப்பைத்தான் செய்கிறது: ஒவ்வொரு கோடாக பவர் கட்டளையை அனுப்பிக்கொண்டே போகும், டிவி அணைந்ததும் நீங்கள் நிறுத்த வேண்டும். பவர் பொருந்தினால் போதும் என்று அது நினைத்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு, நீங்கள் கை வைப்பதற்குள் ஒன்றிரண்டு எண் தாண்டியும் போயிருக்கும். அதனால் பட்டியலில் உள்ள எண்களைக் கையாலேயே ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான் பார்க்கும் வரிசை இது: முதலில் பேக், அப்புறம் இன்புட், மெனு, நான்கு அம்புக்குறி, ஓகே, கடைசியில் சத்தப் பட்டனை இரண்டு விநாடி பிடித்துக்கொண்டு சீராக ஏறுகிறதா என்று. பவரைக் கடைசியில் பார்த்தால் போதும், அது எப்படியும் வேலை செய்யும். எந்த எண்ணும் முழுதாகப் பொருந்தாவிட்டால், அதிகம் பொருந்துகிற எண்ணை வைத்துக்கொண்டு விட்டுப்போன பட்டன்களை மட்டும் பழைய ரிமோட்டிலிருந்து கற்றுக்கொடுங்கள்.

கற்றுக்கொடுப்பதிலும் ஒரு கைப்பழக்கம் வேண்டும். இரண்டு ரிமோட்டையும் மூக்கோடு மூக்கு பார்க்கும்படி மேசையில் படுக்கவைத்து, நடுவில் மூன்று நான்கு விரல் அகலம் இடம் விடுங்கள். ஜன்னல் வெயில் நேராக விழக் கூடாது. பழைய ரிமோட்டில் புது செல் போடுங்கள், ஏனென்றால் அதுதான் வாத்தியார். அது முனகினால் இது தப்பாகப் படிக்கும். பட்டனைச் சட்டென்று அழுத்தி விடுங்கள். கையேடு பிடித்திருக்கச் சொன்னால் மட்டும் பிடியுங்கள். தேவையில்லாமல் பிடித்துக் கற்றுக்கொடுத்த சத்தப் பட்டன் அப்புறம் ஒரு தட்டுக்கு மூன்று படி ஏறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தக் கற்றுக்கொள்ளும் வித்தை புதிதல்ல. ஆப்பிளை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் அங்கிருந்து விலகியபின் செய்த காரியங்களில் ஒன்று இதுதான். 1987-ல் கோர் என்ற பெயரில் கற்றுக்கொள்ளும் ரிமோட் ஒன்றைக் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் கற்க முடியும் என்றும் சொல்ல முடியாது. பேங் அண்ட் ஒலுஃப்சென் என்ற கம்பெனியின் கருவிகள் 455 கிலோஹெர்ட்ஸில் பேசும். 38-ஐச் சுற்றிக் கேட்கத் தயாரான சாதாரண ரிமோட்டின் காதில் அது விழவே விழாது.

இனி 11-ஆம் சேனல். நீங்கள் எழுதியதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ஒரு சோதனை செய்யுங்கள்: 12-க்குப் போய்ப் பாருங்கள், 21-க்குப் போய்ப் பாருங்கள், பிறகு 22. முதல் இரண்டும் போய், 11-உம் 22-உம் மட்டும் போகாவிட்டால் காரணம் கிட்டத்தட்ட உறுதி. ஆர்சி-5, ஆர்சி-6 போன்ற முறைகளில் டாகிள் பிட் என்று ஒன்று உண்டு. ஒரு பட்டனை இரண்டு தடவை அழுத்துவதற்கும் ஒரே தடவை அழுத்திப் பிடித்திருப்பதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமே, அதற்காக வைத்த ஏற்பாடு. ஒவ்வொரு புது அழுத்தலுக்கும் அந்த பிட் 0, 1 என்று மாறும். பிடித்துக்கொண்டே இருந்தால் மாறாது. உங்கள் பழைய ரிமோட் இதை ஒழுங்காக மாற்றி மாற்றி அனுப்புகிறது. புது ரிமோட்டோ ஒரு தடவை கேட்டதை அப்படியே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. கேட்ட நேரத்தில் அந்த பிட் 0 என்றால் காலம் பூராவும் 0-தான். நீங்கள் இரண்டாவது 1-ஐ அழுத்தும்போது, முதல் 1-ஐ இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பாக்ஸ் முடிவு கட்டிவிடுகிறது. 12-இல் இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் கட்டளையே வேறு.

இதற்குச் சுத்தமான தீர்வு, பட்டியலில் அந்த பாக்ஸுக்குப் பொருந்தும் கோட் எண்ணைக் கண்டுபிடிப்பது. உள்ளேயே இருக்கும் கோடு என்றால் ரிமோட்டுக்கு அந்தப் பாஷையின் இலக்கணம் தெரியும், டாகிள் பிட்டைத் தானே மாற்றிக்கொள்ளும். பாக்ஸின் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பாக்ஸின் அடியில் அதைத் தயாரித்த கம்பெனியின் பெயர் வேறாக இருந்தால் அந்தப் பெயரில் தேடுங்கள். அதுவும் கிடைக்கவில்லையென்றால் ஒரு குறுக்கு வழி: பழைய ரிமோட்டின் 1-ஐ, நீங்கள் பயன்படுத்தாத ஒரு வண்ணப் பட்டனுக்கு இரண்டாவது பிரதியாகக் கற்றுக்கொடுங்கள். சில நேரம் அது மற்ற நிலையில் பதிந்துவிடும். பதியாவிட்டால், பழைய ரிமோட்டை வேறு பக்கம் திருப்பி 1-ஐ ஒருமுறை வீணாக அழுத்திவிட்டு மறுபடி கற்றுக்கொடுங்கள். அப்புறம் 1, வண்ணப் பட்டன் என்று அழுத்தினால் 11. அசிங்கமான ஏற்பாடுதான், ஆனால் வேலை செய்யும். சில பாக்ஸ்களில் இரண்டு அழுத்தலுக்கும் நடுவே ஒரு மூச்சு விட்டு அழுத்தினாலே எடுத்துக்கொள்ளும். முதலில் அதைப் பாருங்கள். சோதனையில் 12-உம் போகவில்லை என்றால் நான் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது, 1-ஐ மட்டும் அழித்துவிட்டுத் திரும்பக் கற்றுக்கொடுங்கள்.

ஸ்டிக்குக்கு வருவோம். அது டிவியின் முதுகுக்குப் பின்னால், ஹெச்டிஎம்ஐ துளையில் செருகி இருக்கிறது. அதன் ரிமோட்டை நீங்கள் எந்தப் பக்கம் காட்டி அழுத்தினாலும் கேட்கிறது அல்லவா? ஒளியில் பேசும் கருவியால் அது முடியாது. ஃபயர் டிவி ஸ்டிக் போன்றவற்றில் அகச்சிவப்பு சென்சாரே கிடையாது, ரிமோட்டோடு ப்ளூடூத்தில் ஜோடி சேர்ந்திருக்கும். காது இல்லாத கருவியிடம் என்ன பாஷையில் பேசினால் என்ன? கோட் எண் தேடுவதும் கற்றுக்கொடுப்பதும் இங்கே வீண் வேலை. இதில் ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். போன் கேமரா வழியாக ரிமோட்டின் நுனியைப் பார்த்தால் அகச்சிவப்பு ஒளி ஊதா கலந்த வெள்ளையாக மின்னும். சில போன்களின் பின் கேமராவில் வடிகட்டி பலமாக இருப்பதால் தெரியாது, முன் கேமராவில் பாருங்கள். ஸ்டிக்கின் ரிமோட்டில் சத்தப் பட்டனையோ பவர் பட்டனையோ அழுத்தினால் பல மாடல்களில் ஒளி மின்னும். அதைப் பார்த்துவிட்டு, இதுவும் அகச்சிவப்புதான் என்று ஏமாந்துவிட வேண்டாம். அது டிவியிடம் பேசும் பேச்சு. அம்புக்குறியை அழுத்திப் பாருங்கள். ஒன்றும் மின்னவில்லையென்றால் ஸ்டிக்கிடம் அது ரேடியோவில் பேசுகிறது என்று அர்த்தம். ஆப்பிள் டிவி பெட்டியிலோ அகச்சிவப்பு சென்சாரும் உண்டு, வேறு ரிமோட்டைப் பழக்கிக்கொள்ளும் வசதி அதன் செட்டிங்ஸிலேயே இருக்கிறது.

ஆனாலும் ஒரு கொல்லைப்புற வழி உண்டு. ஹெச்டிஎம்ஐ கேபிளின் 13-ஆம் முள் சிஇசி என்ற வசதிக்காக ஒதுக்கப்பட்டது. டிவியும் அதில் செருகிய கருவிகளும் அந்த ஒற்றைக் கம்பியில் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும். அதை இயக்கிவிட்டால் டிவி ரிமோட்டின் அம்புக்குறியும் ஓகேயும் டிவி வழியாக ஸ்டிக்குக்குப் போய்ச் சேரும். உங்கள் யுனிவர்சல் ரிமோட் டிவியின் பாஷை பேசுகிறதே, அப்போது அதுவும் போகும். டிவியின் செட்டிங்ஸில் சிஇசி என்ற பெயரிலேயே தேடினால் கிடைக்காமல் போகலாம். சாம்சங்கில் அனிநெட் ப்ளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க், பானசோனிக்கில் வியரா லிங்க் என்று ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்டிக்கின் செட்டிங்ஸிலும் அது ஆனில் இருக்க வேண்டும். இது உங்கள் டிவியில் எவ்வளவு தூரம் போகும் என்று இங்கிருந்து உறுதி தர முடியாது. அம்புக்குறி, ஓகே, பேக் பெரும்பாலும் போகும். ஹோம் பட்டனை டிவி தனக்கென்று பிடித்துவைத்துக்கொள்வது சகஜம். குரல் தேடலுக்கான மைக் பட்டன் கண்டிப்பாகப் போகாது.

சிஇசியை வைத்துப் பார்த்தால் உங்கள் மேக்ரோவின் மர்மமும் விளங்குகிற மாதிரி இருக்கிறது. சவுண்ட்பாரை டிவியோடு ஹெச்டிஎம்ஐ கேபிளில் இணைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். டிவி ஆன் ஆனதும் சிஇசி வழியாகச் சவுண்ட்பாரை எழுப்பிவிடுகிறது. ஒன்றிரண்டு விநாடி கழித்து மேக்ரோவின் இரண்டாவது கட்டளை, அதாவது சவுண்ட்பாரின் பவர், வந்து சேர்கிறது. பெரும்பாலான ரிமோட்டில் பவர் என்பது ஒரே பட்டன். அணைந்திருந்தால் எழுப்பும், எழுந்திருந்தால் அணைக்கும். எழுந்த சவுண்ட்பாரை அது சமர்த்தாகத் தூங்க வைத்துவிடுகிறது. சிஇசி சற்றுத் தாமதித்த நாளில் எல்லாம் சரியாக நடக்கிறது. ரிமோட்டின் மேல் தப்பே இல்லை, எழுப்புவதற்கு இரண்டு பேரை நியமித்ததுதான் தப்பு.

நானே இதில் மண்ணைக் கவ்வியிருக்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு வீட்டில் டிவி, ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி), ப்ளேயர் மூன்றையும் ஒரே பட்டனில் எழுப்பும் மேக்ரோ போட்டுக் கொடுத்து, எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்டிப் பாராட்டும் வாங்கிவிட்டு வந்தேன். மறுநாளே போன் வந்தது. யாரோ நடுவே ப்ளேயரை மட்டும் அதன் முன்பக்கப் பட்டனால் அணைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து பட்டனை அழுத்தினால் ப்ளேயர் எழும், மற்ற இரண்டும் தூங்கும். மறுபடி அழுத்தினால் மற்ற இரண்டும் எழும், ப்ளேயர் தூங்கும். வீட்டுப் பெரியவர் மூன்று நாள் பொறுமையாக எழுந்து போய்க் கையால் சரிசெய்திருக்கிறார், நாலாம் நாள் பழைய ரிமோட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார். ஆன் செய்ய ஒன்று, ஆஃப் செய்ய ஒன்று என்று தனித்தனிக் கட்டளைகள் பல ஆம்ப்களிலும் டிவிகளிலும் உள்ளே உண்டு, பட்டன் மட்டும்தான் கிடையாது என்பதை அதற்கப்புறம்தான் கற்றுக்கொண்டேன். உங்கள் சவுண்ட்பாரின் கோட் எண்களில் எதிலாவது ஆன் தனியாக, ஆஃப் தனியாக இருந்தால் மேக்ரோவில் அதைப் போடுங்கள்; எழுந்த கருவிக்கு இன்னொரு முறை ஆன் கட்டளை போனால் ஒன்றும் ஆகாது. இல்லையென்றால் மேக்ரோவை எடுத்துவிட்டு, எழுப்பும் வேலையை முழுசாக சிஇசியிடம் விட்டுவிடுங்கள். உங்கள் நிலையில் நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் செய்வேன்.

யார் விழித்திருக்கிறார்கள் என்று ரிமோட்டையே நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். செய்து பார்த்தார்கள். ஹார்மனி என்ற வரிசை அப்படித்தான் வேலை செய்தது. "படம் பார்" என்று ஒரு பட்டன், எது எது ஆனில் இருக்க வேண்டும் என்ற கணக்கு உள்ளே, கணக்கு தவறினால் கேள்வி கேட்டுச் சரிசெய்ய ஒரு உதவிப் பட்டன். 2004-ல் அதை வாங்கிய லாஜிடெக் 2021-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்த ரிமோட் ஒன்றும் உண்டு, ஏசி ரிமோட். அதில் ஒரு பட்டனை அழுத்தினால் "ஒரு டிகிரி கூட்டு" என்று போகாது. 24 டிகிரி, குளிர், விசிறி நடுத்தரம், ஆன் என்று முழு நிலையும் ஒரே மூச்சில் போகும். அதனால்தான் அதற்கு மட்டும் திரை இருக்கிறது. ஏசியையும் இந்த ரிமோட்டிலேயே சேர்த்துவிடலாம் என்ற ஆசை வந்தால் விட்டுவிடுங்கள். கற்றுக்கொடுத்தால் ஒரு பட்டனுக்கு ஒரு நிலைதான் பதியும்.

சரி, திருப்பிக் கொடுப்பதா? கேமராவில் பார்க்கும்போது ஒளி மங்கலாக, விட்டு விட்டு வந்தாலோ, பழைய ரிமோட் கேட்கும் தூரத்தில் பாதிக்கூட இது எட்டாவிட்டாலோ, சில பட்டன்களை நகம் பதிய அழுத்த வேண்டியிருந்தாலோ திருப்பிக் கொடுங்கள், அது பொருளின் குறை. அதற்கு முன் செல்லைப் பார்த்துவிடுங்கள். சார்ஜ் செய்யும் செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட், சாதாரண செல்லுக்கு 1.5, இரண்டு செல் போடும் ரிமோட்டில் 3 வோல்ட் கிடைக்க வேண்டிய இடத்தில் 2.4-தான் கிடைக்கும், சில ரிமோட்டுகள் அதில் தள்ளாடும். இன்னொரு சோதனையையும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்யுங்கள்: செல்லைக் கழற்றி ஒரு மணி நேரம் வைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். கற்றுக்கொடுத்ததெல்லாம் மறந்துபோயிருந்தால் அந்த ரிமோட்டை வைத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு செல் மாற்றத்துக்கும் மறுபடி பள்ளிக்கூடம் நடத்த யாருக்கும் பொறுமை இருக்காது.

விலை கூடியது எதைத் தரும் என்றால், ப்ளூடூத் பேசும். அலமாரிக்குள் இருக்கும் கருவிகளுக்கு முன்னால் நின்று ஒளியை வீச ஹப் என்ற ஒரு தனிப் பெட்டி இருக்கும். போனிலேயே எல்லாவற்றையும் அமைக்கலாம். ஸ்டிக்கைத்தான் அதிகம் பார்க்கிறீர்கள், சிஇசியும் சரியாக வரவில்லை என்றால் அதற்குச் செலவழிப்பதில் அர்த்தம் உண்டு. அப்போதும் வாங்குமுன் உங்கள் ஸ்டிக்கின் பெயர் அதன் பட்டியலில் ப்ளூடூத் என்று தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எல்லா ப்ளூடூத் ரிமோட்டும் எல்லா ஸ்டிக்கோடும் சேராது. மற்ற மூன்று தொல்லைக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

எதை வைத்துக்கொண்டாலும் பழைய நான்கு ரிமோட்டையும் தூக்கிப் போடாதீர்கள். சவுண்ட்பாரின் சில அமைப்புகளை அதன் சொந்த ரிமோட் இல்லாமல் தொடவே முடியாது. செல்லை மட்டும் கழற்றிவிட்டு ஒரு பையில் போட்டு வையுங்கள், உள்ளே கசிந்தால் தகட்டை அரித்துவிடும். 12-ஆம் சேனல் சோதனையின் முடிவையும், சவுண்ட்பார் டிவியோடு எந்தக் கேபிளில் இணைந்திருக்கிறது என்பதையும் எழுதுங்கள். ஆப்டிகல் கேபிள் என்றால், அதில் சத்தம் மட்டும்தான் போகும் என்பதால், சிஇசியைப் பற்றி நான் சொன்ன ஊகம் தப்பு, மேக்ரோவுக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கும்.